ஒப்பிடாமல் உயிரியல் இல்லை

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்ற நான்கு சொற்களை வில்லியனூரிலோ பாகூரிலோ எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்லிவிடும். அறிவியல் முறை என்றால் இதுதான் என்று பாடம் முடிந்துவிடுகிறது. அந்த நான்கும் தவறானவை இல்லை. ஆனால் உயிரியலில் ஒரு கருத்து எப்படி நிலைபெறுகிறது, எப்படி விழுகிறது என்பதை அவை விளக்குவதில்லை. ஒரு கல்லை எத்தனை முறை கீழே போட்டாலும் ஒரே மாதிரி விழும். ஒரே கொடியில் காய்த்த இரண்டு காய்களோ ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே வீட்டில் ஒரே கொசுவிடம் கடிபட்ட இருவரில் ஒருவருக்கு யானைக்கால் வருகிறது, மற்றவருக்கு ஆயுள் முழுக்க ஒன்றுமில்லை. உயிர்களுக்குள் இருக்கும் இந்த வேறுபாடும், ஒவ்வோர் உயிரும் தன்னோடு சுமந்துவரும் கடந்தகாலமும்தான் உயிரியலின் சிக்கல். அந்தச் சிக்கலுக்கு உயிரியலாளர்கள் கண்ட விடை ஒப்பீடு. நான் நினைப்பது சரி என்றால் இங்கே இது கூடவேண்டும், அங்கே கூடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, தன் கருத்து தோற்பதற்கும் இடம்விட்டு, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் இதற்குத் துணைக்கருவிகள். முறையின் உயிர் ஒப்பீட்டில் இருக்கிறது என்பதே என் வாதம். அதற்கான சான்றுகள் தொலைவில் இல்லை. புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் போதுமான அளவு கிடைக்கின்றன.

முதலில் வயலுக்கு வருவோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற பாகூரில், ஏரி மதகை ஒட்டிய வயலும் கடைமடை வயலும் ஒரே நாளில் ஒரே நாற்றை நட்டாலும் ஒரே மகசூல் கொடுப்பதில்லை. முதல் தண்ணீரும் வண்டலும் ஒன்றுக்குப் போகின்றன. மிச்சம் வரும்வரை மற்றொன்று காத்திருக்கிறது. புது நெல் ரகத்தை மதகடியிலும் பழைய ரகத்தைக் கடைமடையிலும் நட்டுவிட்டு, புதியது மூட்டை கூடுதலாகக் கண்டது என்று சொன்னால், பாராட்டுக்குரியது ரகமா, மண்ணா, தண்ணீரா என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷரை வாட்டியது இதே கேள்விதான். நிலத்தைத் தொகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா ரகத்தையும் நடு. எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானி. இதையே பல தொகுதிகளில் திரும்பச் செய் என்றார். சீட்டுக் குலுக்குவது சின்ன வேலையாகத் தெரியலாம். அது இல்லாவிட்டால் ஆய்வாளரின் கை தான் விரும்பும் ரகத்துக்கு நல்ல பாத்தியை அறியாமலே ஒதுக்கிவிடும். 1935இல் வந்த அவருடைய சோதனை வடிவமைப்பு நூலுக்குப் பிறகு உலகின் வேளாண் நிலையங்கள் இந்த முறைக்கு மாறின. 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் காசநோயாளிகள் இதே கொள்கைப்படி குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். வரப்போரம் உருவான ஒரு யோசனை மருத்துவத்தின் அடிப்படை விதியாக மாறியதை நம் விவசாயிகளின் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைமுறை தலைமுறையாக வயலில் நிற்பவருக்கு இந்தக் குலுக்கல் எதற்கு, அனுபவம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அனுபவத்தை இளக்காரம் செய்யும் விஞ்ஞானி நல்ல விஞ்ஞானி அல்ல. எந்தப் பட்டத்தில் எந்தப் பூச்சி வரும், எந்த வாய்க்காலோரம் பயிர் மஞ்சளாகும் என்று விவசாயி கவனித்து வைத்திருப்பதில்தான் பாதி ஆய்வுகளுக்கான கேள்வியே பிறக்கிறது. ஆனால் கண்ணால் கண்டதே ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. நெல்லைத் தாக்கும் புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து அடித்த மறுநாள் தூரடியில் பூச்சிகள் செத்துக் கிடக்கும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று தோன்றும். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் மருந்து அடித்த வயலையும் அடிக்காத வயலையும் ஒரு பருவம் முழுக்கப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தபோது, பல இடங்களில் மருந்து அடித்த வயலில்தான் கடைசியில் புகையான் பெருகியிருந்தது. புகையானைத் தின்னும் சிலந்திகளும் நீர்ப்பூச்சிகளும் மருந்தில் மடிந்துபோக, தண்டுத் திசுவுக்குள் வைக்கப்பட்டிருந்த புகையான் முட்டைகள் தப்பித்துப் பொரித்துவிட்டன. இந்த ஒப்பீடுகளின் பலத்தில் 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. செத்த பூச்சியை விவசாயி கண்டது உண்மை. அடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் அவரால் காணமுடியவில்லை, ஏனென்றால் அடிக்காத வயல் அவரிடம் இல்லை. அந்த இல்லாத வயலை உண்டாக்கிக் கொடுப்பதே சோதனையின் வேலை.

அடுத்து யானைக்கால் நோய். இந்தக் கடலோரத்தின் பழைய துயரங்களில் ஒன்று இது. உயிரியலில் ஒரு கருத்து எப்படிப் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் பிறந்து, எப்படித் திருத்தப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல வரலாறு கிடைக்காது. 1872இல் கல்கத்தாவில் தாமஸ் லூயிஸ் மனித ரத்தத்திலேயே இந்த நோயின் நுண்புழுக்கள் நெளிவதைக் கண்டார். அவை ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு எப்படிப் போகின்றன? 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த பேட்ரிக் மேன்சன், ரத்தத்தில் புழு இருந்த ஒருவரைக் கொசுக்கள் கடிக்கும்படி செய்து, பிறகு அந்தக் கொசுக்களை நாள்தோறும் அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றுக்குப் போன நுண்புழு செரித்துப்போகவில்லை. மார்புத் தசைக்கு நகர்ந்து, வடிவம் மாறி, வளர்ந்தது. மனிதனின் நோய்க்கிருமி ஒன்று பூச்சிக்குள் வளர்கிறது என்பது அதுவரை யாரும் காட்டாத செய்தி. நுண்புழுக்கள் இரவில் மட்டும் வெளி ரத்தத்துக்கு வருகின்றன, பகலில் மறைந்துவிடுகின்றன என்பதையும் அவரே மணிக்கு மணி ரத்தம் எடுத்துக் கண்டறிந்தார். நம் ஊர்களில் யானைக்கால் கணக்கெடுப்புக்கு ராத்திரி நேரத்தில் விரலில் குத்தி ரத்தம் எடுத்தது இதனால்தான். இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர் அடுத்த படியில் சறுக்கினார். கொசு ஒரே ஒரு முறைதான் ரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும், செத்த கொசுவிலிருந்து புழு தண்ணீரில் கலக்கும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்று முடிவு கட்டினார்.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பது கவனிக்க வேண்டியது. மேன்சனின் கொசுக்கள் உண்மையிலேயே சில நாட்களில் செத்தன. அவர் கண்டதில் பிழையில்லை. அவற்றை வேறு உணவு கொடுத்து வளர்த்த கொசுக்களோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தாமஸ் பேன்கிராஃப்ட் கொசுக்களுக்கு வாழைப்பழம் கொடுத்து வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார். கொசு நீண்டநாள் வாழ்ந்து மறுபடி கடிக்கமுடியும் என்றால், தண்ணீர்க் கதைக்கு வேலை இல்லை. கடியிலேயே புழு கடத்தப்படலாம் என்று 1899இல் எழுதினார். அவர் பதப்படுத்தி அனுப்பிய கொசுக்களை 1900இல் லண்டனில் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். புழுக்கள் கொசுவின் கொடுக்குக்குள் வரிசையாக இருந்தன. மேன்சனின் தண்ணீர்க் கருதுகோள் அத்தோடு முடிந்தது. கொசு பற்றிய கருதுகோள் மேலும் உறுதிப்பட்டது. இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரு பிழை உயிரோடு இருந்ததே என்று குறை சொல்லலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் கருதுகோள் தோற்கக்கூடிய வடிவத்தில் சொல்லப்பட்டிருந்தது என்பது. கொசு ஒருமுறைதான் கடிக்கும் என்று அவர் தெளிவாகச் சொன்னதால்தான் இன்னொருவரால் கொசுவை வளர்த்து அதைப் பொய்யாக்க முடிந்தது. ஏதோ ஒரு கெட்ட காற்று, ஏதோ ஒரு சூடு என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அது இன்றுவரை தப்பித்திருக்கும்; தப்பித்திருப்பதால் ஒரு பயனும் இருந்திருக்காது.

புழு எப்படிக் கடக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதுமா? கொசுவைக் குறைத்தால் நோய் குறையுமா என்பது வேறு கேள்வி; அதற்கு ஊர்தான் சோதனைக்கூடம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அதாவது புதுச்சேரியில் எல்லோரும் வி.சி.ஆர்.சி. என்று சொல்லும் நிறுவனம், 1975இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்தது. சாக்கடையிலும் மலக்குழியிலும் பாழ்கிணற்றிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே இங்கே யானைக்காலைக் கடத்துவது. ஆகவே நீர்த்தேக்கங்களை ஒழிப்பது, மீன் விடுவது, புழுக்கொல்லி தெளிப்பது என்று பல வழிகள் சேர்த்துக் கையாளப்பட்டன. இந்தத் திட்டத்தை உயிரியலாக்கியது அதன் கணக்குவழக்கு. வழக்கமான அரசுத் திட்டம் மட்டும் நடந்த பகுதியை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் கொசுவை எண்ணினார்கள், கொசுவை அறுத்துப் புழு தேடினார்கள், திட்டத்துக்கு முன்னும் பின்னும் மக்களின் இரவு ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒப்பீட்டுப் பகுதி இல்லாவிட்டால் ஒரு வறண்ட ஆண்டில் தானாகக் குறைந்த கொசுவையும் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிட முடியும். இன்னொரு நுட்பமும் உண்டு. கொசு குறைந்த அன்றே பெரியவர்களின் ரத்தத்தில் நுண்புழு மறையாது. உடலுக்குள் இருக்கும் தாய்ப்புழு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து குட்டி போட்டுக்கொண்டிருக்கும். கடத்தல் நின்றதா என்று தெரிய, திட்டம் தொடங்கிய பிறகு வளர்ந்த சிறுபிள்ளைகளைப் பார்க்கவேண்டும். யாரைப் பார்ப்பது என்ற முடிவு எதைப் பார்ப்பது என்ற முடிவைப்போலவே கனமானது.

அந்தத் தாய்ப்புழு எத்தனை ஆண்டு வாழும்? உயிருள்ள மனிதருக்குள் நிணநீர்க் குழாயில் சுருண்டு கிடக்கும் புழுவை வெளியே எடுத்து வயது கேட்கமுடியாது. புதுச்சேரியில் ஆண்டுகளாகத் தொடர்ந்து சேர்த்த ரத்தப் பரிசோதனைத் தரவுகளிலிருந்து கணக்கிட்டு, புழு குட்டி போடும் காலம் சராசரியாக 5 ஆண்டுக்குச் சற்று அதிகம் என்று 1996இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதே ஊரின் தரவுகளை, கடத்தல், நோயெதிர்ப்பு, வயது எல்லாவற்றையும் சேர்த்து இயங்கும் ஒரு கணினி மாதிரியில் இட்டுப் பார்த்தபோது, 2004இல் வெளியான முடிவு புழுவின் ஆயுளைச் சுமார் 10 ஆண்டு என்றது. ஒரே ரத்தத்திலிருந்து இரண்டு விடை. ஒன்று குட்டி போடும் காலத்தையும் மற்றொன்று ஆயுளையும் அளக்கிறது என்பதோடு, இரண்டும் வெவ்வேறு அனுமானங்களில் நிற்கின்றன என்பதே வித்தியாசத்துக்குக் காரணம். இது ஏட்டுச் சண்டை அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்க டி.இ.சி. மாத்திரை கொடுத்து யானைக்காலை ஒழிக்கும் திட்டத்தை இந்தியா 2004இல் தேசிய அளவில் தொடங்கியபோது, 4 முதல் 6 சுற்று போதும் என்ற உலக அளவிலான எதிர்பார்ப்புக்குப் பின்னால் இருந்தது புழுவின் ஆயுள் பற்றிய கணக்கு. பக்கத்து விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் வி.சி.ஆர்.சி. குழு 1990களின் நடுவிலிருந்து நடத்திய ஆய்வு இந்த எதிர்பார்ப்பை நேரடியாகச் சோதித்தது. சில கிராமங்களுக்கு டி.இ.சி., சிலவற்றுக்கு ஐவர்மெக்டின், சிலவற்றுக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். மருந்து பெற்ற ஊர்களில் நுண்புழுவும் கடத்தலும் பெரிதும் சரிந்தன. ஆறு சுற்று முடிந்தும் கடத்தல் முழுதாக நின்றுவிடவில்லை. மாத்திரையை வாங்கி விழுங்காதவர்கள் இதற்கு ஒரு காரணம். எதிர்பார்த்ததைவிட நீண்டநாள் வாழும் புழுக்களும் இருந்திருக்கலாம். திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு முதலில் வைத்திருந்த விடை போதாது என்று கிராமங்கள் சொன்னதாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வெற்று மாத்திரை என்றதும் மனம் சுருங்கும். நோயிருக்கும் ஊருக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுப்பது அறமா? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்டுப் போகமுடியாது, போகவும் கூடாது. என் விடை இது. ஒரு மருந்து உதவும் என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்திருந்தால், அதைத் தராமல் இருப்பதை எந்த அறிவுத்தேடலும் நியாயப்படுத்தாது. உறுதியாகத் தெரியாதபோது, கோடிக்கணக்கானவர்களுக்கு ஆண்டுதோறும் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே போய், அது உதவியதா என்று ஒருநாளும் அறியாமல் இருப்பதும் தீங்குதான். அது பரவலாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. ஆகவே ஒப்பீட்டுக் குழு நியாயமாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு: விடை உண்மையிலேயே தெரியாமல் இருக்கவேண்டும், மக்கள் தெரிந்து சம்மதிக்கவேண்டும், காலம் வரையறுக்கப்பட்டிருக்கவேண்டும், விடை தெரிந்ததும் எல்லோருக்கும் மருந்து போய்ச்சேரவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த ஆய்வை எதிர்க்க ஊருக்கு உரிமை உண்டு.

ஒப்பீடு இல்லாமல் இருந்திருந்தால் எதை நம்பிக்கொண்டிருந்திருப்போம் என்பதற்குத் தமிழ்நாடே உலகத்துக்கு ஒரு பாடம் தந்திருக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பிரிட்டனில் 1950இல் தொடங்கிப் பள்ளி வயதினரிடம் சோதித்தபோது சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. வேறு சில நாடுகளில் மிகக் குறைவாகக் கிடைத்தது. ஐயத்தைத் தீர்க்க 1968இல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. சுமார் 2,80,000 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசியும் மற்றவர்களுக்கு வெற்று ஊசியும் போடப்பட்டது. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979இல் வெளிவந்த முதல் முடிவு எல்லோரையும் அதிரவைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே சொன்னது. மண்ணிலும் நீரிலும் பரவியிருக்கும் காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகள் இந்தப் பகுதி மக்களின் உடலுக்கு முன்பே ஓரளவு எதிர்ப்பைக் கொடுத்து, தடுப்பூசியின் கூடுதல் பயனை மறைத்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை. பிரிட்டனில் மெய்யானது செங்கல்பட்டில் மெய்யாகவில்லை என்பதைப் பார்த்து, அப்படியானால் உயிரியலுக்கு விதியே கிடையாதா என்று சிலர் கேட்கிறார்கள். விதி உண்டு, அது நிபந்தனையோடு வருகிறது. எந்த மக்கள், எந்த வயது, எந்தச் சூழல் என்ற நிபந்தனைகளைக் கண்டுபிடிப்பதே ஆய்வின் பெரும்பகுதி. பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம் என்றால், சிறு குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது என்று வேறு ஒப்பீடுகள் காட்டியிருப்பதால்தான். ஒரே ஊசி, இரண்டு கேள்வி, இரண்டு விடை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கத் தெரியாதவர்கள்தான் தடுப்பூசி பொய் என்றும், தடுப்பூசி எல்லாம் வல்லது என்றும் இரு பக்கமும் கூச்சலிடுகிறார்கள்.

சோதனையே செய்யமுடியாத இடத்தில் என்ன செய்வது? வில்லியனூருக்கு வடமேற்கே, எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. அங்கே கல்லாக மாறிய பெரிய அடிமரங்கள் தரையில் கிடக்கின்றன. 1781இலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா அவற்றைப் பற்றி எழுதினார். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமை என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை மதிப்பிடுகிறது. 2 கோடி ஆண்டுக்கு முந்தைய காட்டைத் திரும்ப வளர்த்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனாலும் அங்கேயும் ஒப்பீடு நடக்கிறது. இந்த மரங்கள் இங்கேயே வளர்ந்தவையா, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவையா? இங்கேயே வளர்ந்தவை என்றால் சிலவாவது நின்ற நிலையில் இருக்கவேண்டும். வேரும் கிளையும் பட்டையும் இலையும் அங்கங்கே காணவேண்டும். அடித்துவரப்பட்டவை என்றால் எல்லாம் படுத்த நிலையில், கிளையும் வேரும் முறிந்து, ஆற்று மணலோடு கலந்து கிடக்கவேண்டும். திருவக்கரையில் கிடப்பது இரண்டாவது வகை. ஆகவே அவை கல்லாவதற்கு முன்பே நீரில் வந்து சேர்ந்தவை என்று முடிவாயிற்று. கல்மரத்தைத் தகடாக அறுத்து அதன் நீர்க்குழாய்களின் அமைப்பை இன்றைய மரங்களின் அமைப்போடு வைத்துப் பார்த்தபோது, கடலூர் மணற்பாறை எனப்படும் இந்தப் படிவத்தில் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்களும் இருப்பது தெரிந்தது. அந்தக் குடும்பம் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் செழிக்கிறது. புதுச்சேரிக் கரையில் இயற்கையாக இல்லை. அந்த மரங்கள் வளர்ந்த காலத்தில் மழை இன்றைவிட அதிகம் என்ற முடிவு இதிலிருந்து வருகிறது. பரிணாமத்தை யார் கண்ணால் பார்த்தார்கள், அது வெறும் ஊகம்தானே என்று சொல்பவர்களுக்கு இந்தக் கல்மரங்கள் நல்ல விடை. நேரில் பார்ப்பது மட்டும் சான்று என்றால் எந்தக் கொலை வழக்கிலும் தீர்ப்பு எழுதமுடியாது. இரண்டு கதைகளில் எது உண்மையானால் என்ன தடயம் மிஞ்சும் என்று முன்பே சொல்லிவிட்டுத் தடயத்தைத் தேடுவது, ஆய்வுக்கூடச் சோதனைக்கு எந்தவிதத்திலும் குறைந்த முறை அல்ல.

இன்று இந்த வட்டாரத்தில் நடக்கும் உயிரியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வோல்பாக்கியா ஆய்வு. பூச்சிகளின் உயிரணுவுக்குள் வாழும் இந்தப் பாக்டீரியாவை 1924இல் ஹெர்டிக்கும் வோல்பாக்கும் ஒரு கியூலெக்ஸ் கொசுவில் கண்டார்கள். அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. 1967இல் பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஒக்போ என்ற சிற்றூரில் ஹான்ஸ் லாவன் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் வேற்றூர்க் கியூலெக்ஸ் ஆண் கொசுக்களைத் தொடர்ந்து விட்டார். உள்ளூர்ப் பெண் கொசுக்கள் அவற்றோடு சேர்ந்து இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. சில மாதங்களில் ஊரின் கியூலெக்ஸ் கூட்டம் அற்றுப்போனது. விளைவு கண்ணெதிரே இருந்தது, காரணம் தெரியாது. காரணம் அந்தப் பாக்டீரியாதான் என்று 1971இல் யென், பார் என்ற இருவர் சொன்னார்கள். பாடப்புத்தக வரிசைக்கு இங்கே இடமே இல்லை: முதலில் உயிரி, பிறகு விளைவு, கடைசியில் கருதுகோள். இந்தியாவில் இதே வழியில் போக 1969இல் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தில்லியில் தொடங்கிய கொசு மரபியல் கட்டுப்பாட்டுத் திட்டம், உயிரியல் போருக்கான ஒத்திகை என்ற குற்றச்சாட்டில் சிக்கி, விவகாரம் நாடாளுமன்றம்வரை போய், 1975இல் நின்றது. ஆய்வின் தரம் எப்படியிருந்தாலும், மக்களுக்கு முன்கூட்டி விளக்காத ஆய்வு நிலைக்காது என்பதற்கு அது சாட்சி. அரை நூற்றாண்டு கழித்து, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முட்டைகளிலிருந்து வளர்த்த வோல்பாக்கியா கொசுக்களைப் புதுச்சேரியின் உள்ளூர் ஏடிஸ் கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, டெங்குக் கிருமியை எளிதில் கடத்தாத உள்ளூர் வகைகளை உருவாக்கியிருப்பதாக வி.சி.ஆர்.சி. 2022இல் அறிவித்தது. கூண்டுக்குள் நடந்தது ஊருக்குள் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12இல் மட்டும் இந்தக் கொசுக்களை விட்டு ஒப்பிட்டபோது டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம்பிக்கை தரும் எண் அது. ஆனால் அது யோக்யகர்த்தாவின் எண். பி.சி.ஜி. கற்றுக்கொடுத்ததை மறக்காமல் இருந்தால், நம் வெயிலிலும் நம் தண்ணீர்த் தொட்டிகளிலும் அது எவ்வளவு ஆகும் என்பதை இங்கேயே, ஒப்பீட்டுப் பகுதி வைத்து, அளந்துதான் சொல்லவேண்டும்.

அறிவியல் நேற்று ஒன்று சொன்னது, இன்று வேறொன்று சொல்கிறது, எதை நம்புவது என்ற அலுப்பு இப்போது பரவலாகக் கேட்கிறது. புழுவின் ஆயுள் ஐந்திலிருந்து பத்தானதும், கொசு கலந்த தண்ணீர் கொசுக்கடியானதும் அந்த அலுப்புக்கு உதாரணமாகக் காட்டப்படலாம். ஆனால் மாறியவை எவை, மாறாதவை எவை என்று பிரித்துப் பார்க்கவேண்டும். புழு கொசுவுக்குள் வளர்கிறது என்பது 1877க்குப் பிறகு ஒருமுறையும் ஆட்டம் காணவில்லை. ஒவ்வொரு புது ஒப்பீடும் அதை மேலும் உறுதி செய்தது. ஒப்பிட்டுப் பார்க்காமல் ஊகித்துச் சேர்த்த பகுதிதான் கழன்று விழுந்தது. ஆகவே ஒரு மருத்துவச் செய்தியையோ விவசாயப் பரிந்துரையையோ எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவுகோல் இருக்கிறது: எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை இடத்தில், யார் பிரித்தார்கள், எந்த முடிவு வந்திருந்தால் தங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கலாம். இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமச் சுகாதார நிலையமும், குரும்பாப்பட்டில் வேளாண் அறிவியல் நிலையமும், நகரில் வி.சி.ஆர்.சி.யும் இருக்கும்போது, வில்லியனூர், பாகூர் மக்கள் ஆய்வுகளுக்கு ரத்தமும் நெல்லும் நேரமும் தருகிறவர்களாகத் தொடர்ந்து இருக்கப்போகிறார்கள். அந்த ஆய்வுகளின் முடிவுகள் ஆங்கில இதழ்களில் வெளியாவதோடு நிற்கக்கூடாது. எந்த ஊர் ஒப்பீட்டு ஊராக இருந்தது, எவ்வளவு குறைந்தது, எங்கே எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை எளிய தமிழில் எழுதிக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் வைக்கவேண்டும். அடுத்தமுறை கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது ஒத்துழையுங்கள். கூடவே, போன ஆய்வின் முடிவைத் தமிழில் கேட்டு வாங்குங்கள்.